மாஜி அண்ணா

அண்ணாவின் இன்னோவா பின்கண்ணாடியில் கன்னடத்தில் இரண்டு சொற்கள் இருக்கும். 'மாஜி' என்பதைப் படிக்கக் கண்ணாடி போட வேண்டும். 'கார்ப்பரேட்டர்' என்பது சிக்னலில் நாலு வண்டி தள்ளி நிற்கிறவருக்கும் தெரியும். சென்னையில் கவுன்சிலர் என்கிற அதே பதவிதான். எந்த வார்டு என்று கேட்காதீர்கள். பெங்களூரின் பழைய 198-ல் ஏதோ ஒன்று. அல்சூரிலிருந்து ஸ்ரீராமபுரம் வரை, தமிழ் காதில் விழுகிற எந்தத் தெருவிலும் இப்படி ஒருவர் உண்டு. கன்னடம் விழுகிற தெருவில் இரண்டு பேர்.

சரியாகப் பார்த்தால் அந்த 'மாஜி'யில்கூட பாதி அண்ணியுடையது. 2010 மார்ச்சில் நடந்த தேர்தலில் அண்ணாவே நின்று ஜெயித்தார். 2015-ல் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. அண்ணா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் காலை போஸ்டரில் அண்ணி கைகூப்பி நின்றார். அவர் தலைக்குப் பின்னால், சாமி படத்து ஒளிவட்டம் மாதிரி, அண்ணாவின் முகம். ஆகஸ்டில் அண்ணி ஜெயித்தார், அண்ணா பொறுப்பேற்றார்.

சட்டம் தெரியாதவர் என்று மட்டும் அவரை நினைத்துவிடக் கூடாது. 1976-ஆம் வருடத்துக் கர்நாடக மாநகராட்சிகள் சட்டத்தை அவர் படித்த மாதிரி வக்கீல்களே படித்திருப்பார்களா என்பது சந்தேகம். மாநகராட்சி வேலையில் உறுப்பினருக்கு நேராகவோ மறைமுகமாகவோ பங்கு இருந்தால் பதவி போய்விடும் என்கிறது சட்டம். அண்ணாவுக்கு எந்தக் கான்ட்ராக்டிலும் பங்கு இல்லை. மச்சானுக்கு உண்டு. மச்சான் தனிக் குடும்பம், தனி ரேஷன் கார்டு. எங்கள் தெரு மோரியின் மேல் கிடந்த கல் பலகைகளைப் பெயர்த்து, இரண்டு வாரம் ரோட்டில் சாத்தி வைத்து, திரும்ப அதே இடத்தில் போட்டதற்கு ஒரு ஜாப் கோட், அதாவது பில் போடுவதற்கான வேலை எண். அடுத்த வருடம் அதே கற்களுக்கு இன்னொரு ஜாப் கோட். அந்தக் கற்கள் அளவுக்கு உலகம் பார்த்தவர்கள் எங்கள் தெருவில் யாரும் இல்லை.

உறுப்பினர் வருடா வருடம் தன் சொத்தையும் கடனையும், குடும்பத்தாருடையதையும் சேர்த்து, மேயரிடம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பதும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது. அண்ணி வெள்ளந்தி. படிவத்தை வாங்கி வந்து பேனாவும் கையுமாக உட்கார்ந்தார்.

"வீடு எழுதட்டுமா?"

"அது அம்மா பேர்ல இருக்கு."

"கல்யாண மண்டபம்?"

"அது சாமி பேர்ல."

"வண்டி?"

"கம்பெனி பேர்ல."

கடைசியில் தன் கழுத்துச் செயினையும் ஒரு பழைய ஸ்கூட்டியையும் அண்ணி எழுதினார். அதைப் படித்துப் பார்த்து அண்ணாவுக்கே கண் கலங்கிவிட்டது. படிவம் பத்திரமாகப் பீரோவுக்குள் போனது.

என்.ஆர். ஸ்கொயரில் மாநகராட்சிக் கூட்டம் நடக்கும் நாட்களில் அண்ணி சபைக்குள். அண்ணா வெளியே காபியோடு. வாட்ஸ்அப்பில் உத்தரவுகள் போகும்: 'எழுந்திரு', 'கத்து', 'உட்கார்'. ஒருமுறை நெட்வொர்க் மந்தமாகி, 'கத்து' என்பது இரங்கல் தீர்மானத்துக்கு எல்லாரும் மவுனமாக நின்றபோது போய்ச் சேர்ந்தது. அண்ணி கட்டுப்பாடு மிக்க உறுப்பினர்.

2018 ஆகஸ்டில்தான் அண்ணா உண்மையிலேயே நொந்துபோனார். நகரத்து ஃபிளெக்ஸ்களை எல்லாம் அகற்று என்று கர்நாடக ஹைகோர்ட் மாநகராட்சியைப் பிடித்து உலுக்கியது. சபையும் விளம்பரப் பலகைகளுக்குத் தடை என்று தீர்மானம் போட்டது. அண்ணாவின் பிறந்தநாள் அந்த மாதத்தில்தானா வந்து தொலைய வேண்டும்? 'கை தூக்கு' என்று அவரே மெசேஜ் அனுப்பிவிட்டு நிமிர்ந்தால், எதிரே மாநகராட்சி லாரியில் அவருடைய முகம் ஏறிப் போய்க்கொண்டிருந்தது.

அதற்கடுத்த வருடம் மேயர் கங்காம்பிகே மல்லிகார்ஜுன், புது முதல்வர் எடியூரப்பாவைப் பார்க்கப் போனபோது கொடுத்த உலர்பழக் கூடை பிளாஸ்டிக் தாளில் சுற்றியிருந்தது. பிளாஸ்டிக் தடையை அமல்படுத்துகிறவரே இப்படியா என்று பேச்சு எழ, அவர் 500 ரூபாய் அபராதம் கட்டினார். ஊரே சிரித்தது, எனக்கென்னவோ மரியாதையாகத்தான் இருந்தது. அண்ணா மட்டும் கலங்கிப்போனார். "கட்டிட்டாங்களா? ரசீது வேற வாங்கினாங்களா? இப்படி ஒருத்தர் ஆரம்பிச்சு வச்சா நாளைக்கு நம்ம கதி?"

வார்டு கமிட்டி கதை தனி. ஹைகோர்ட் விரட்டிய பிறகு 2017 வாக்கில் அதற்கு உயிர் வந்தது. கார்ப்பரேட்டர் தலைவர், பத்து உறுப்பினர், அதில் மூன்று பேராவது பெண்கள், இரண்டு பேர் தாழ்த்தப்பட்டோர் அல்லது பழங்குடியினர், இரண்டு பேர் குடியிருப்போர் சங்கத்தார், மாதம் ஒரு கூட்டம் என்பது அப்போதைய விதி. அண்ணா ஒரே மதியத்தில் கமிட்டியை முடித்தார். சித்தி, சித்தி மகள், அண்ணியின் தையல்காரம்மா என்று பெண்கள் மூவர். சங்கத்தார் இருவருக்காக அன்று சாயங்காலமே இரண்டு சங்கங்கள் பிறந்தன. எப்படியோ கண் அசந்த நேரத்தில் எச்.ஏ.எல்.-லில் ரிட்டயரான பெரியவர் ஒருவர் உள்ளே புகுந்துவிட்டார். மினிட்ஸ் புத்தகத்தை எடுத்து வை என்பார். ஜாப் கோடைச் சொல் என்பார்.

"ஏம்பா, இந்த மோரிக்குப் போன வருஷமே பில் போட்டிருக்கே?"

"அது இடது பக்கத்து மோரி சார்."

"நம்ம ரோட்டுல ஒரு பக்கம்தானேப்பா மோரி?"

"அந்தப் பக்கத்துலேருந்து வந்தா இடது பக்கம் சார்."

"புத்தகத்துல எழுதிடலாமா?"

அண்ணா சிரித்தபடி கன்னடத்துக்கு மாறினார். "நோடோணா." பார்க்கலாம் என்று அர்த்தம். தெருவோடு தமிழ், சபையோடு கன்னடம், கான்ட்ராக்டரோடு தெலுங்கு, கறிக்கடையில் உருது என்று பேசுகிறவர், தப்பிக்க மட்டும் எப்போதும் கன்னடம்தான்.

2020 செப்டம்பர் 10-ஆம் தேதி பதவிக்காலம் முடிந்தது. ஐந்து ஆண்டு, அதற்கு மேல் ஒரு நாளும் கிடையாது. அது முடிவதற்குள் தேர்தல் நடத்தி முடிக்க வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 243-யு சொல்கிறது. முதல் பாதியை எல்லாரும் பயபக்தியோடு கடைப்பிடித்தார்கள். அந்த டிசம்பரில் 198 வார்டுக்கும் தேர்தல் நடத்து என்றது ஹைகோர்ட். அதே மாதம் சுப்ரீம் கோர்ட் தடை கொடுத்தது. பிறகு வார்டுகள் 243 ஆயின, 225 ஆயின. 2025 செப்டம்பரில் மாநகராட்சியையே ஐந்தாகப் பிரித்து, பிறகு வார்டுகளை 369 ஆக்கினார்கள். ஐந்து வருடமாக ஒரு கார்ப்பரேட்டரும் இல்லாத ஊரில், கார்ப்பரேட்டர் நாற்காலிகளின் எண்ணிக்கை மட்டும் ஏறி இறங்கி ஏறியது. ஒவ்வொரு வரைபடம் வரும்போதும் அண்ணா பூதக்கண்ணாடியோடு உட்கார்வார். ஒரு வரைவில் அவர் வீடு ஒரு வார்டிலும், கார் நிறுத்துகிற இடம் அடுத்த வார்டிலும் போய்விட்டதாம்.

ஆனால் காலை ஆறரைக்கு அவர் வீட்டு வாசலில் போய்ப் பாருங்கள். பிளாஸ்டிக் நாற்காலியில், டிராக் பேன்ட்டும் தோளில் துண்டுமாக அவர். எதிரே பத்துப் பேர். இறப்புச் சான்றிதழில் பெயர் தப்பு. குப்பை ஆட்டோ மூன்று நாளாக வரவில்லை. குழாயில் காவேரி இல்லை. குடிநீர் 1964-லிருந்தே வாரியத்தின் கையில். கார்ப்பரேட்டர் பதவியில் இருந்தபோதே அந்தக் குழாயில் அவருக்கு ஒரு சொட்டு அதிகாரம் கிடையாது. அது வந்தவர்களுக்குத் தெரியாது, தெரிந்தாலும் அக்கறையில்லை. வார்டு இன்ஜினியர் போனை எடுப்பதில்லை, அண்ணா எடுக்கிறார். பதவியில் இருந்த காலத்தில் சட்டம் கேட்டதை எல்லாம் பீரோவில் பூட்டி வைத்த மனிதர், பதவி போன பிறகு எந்தச் சட்டமும் கேட்காத வேலையை விடியற்காலையிலிருந்து செய்துகொண்டிருக்கிறார். டேங்கர் லாரியும் வந்துவிடுகிறது. அது யாருடைய லாரி என்று கேட்டால் மச்சானுக்குப் பிடிக்காது.

இப்போது அவருடைய கவலையெல்லாம் ஒதுக்கீட்டுப் பட்டியல். பொது என்று வந்தால் அண்ணா. பெண்கள் என்று வந்தால் அண்ணி. ஆனால் பெரியவர் மினிட்ஸ் புத்தகத்தோடு வீட்டுக்கே வந்து போக ஆரம்பித்ததிலிருந்து அண்ணி பட்ஜெட் தலைப்புகளைப் பற்றியெல்லாம் கேட்கிறாராம். அது ஆபத்து. மகள் சட்டக் கல்லூரியில் படிக்கிறாள். இருபத்தொன்று நிறைந்தால் நிற்கலாம், பங்குனியில் நிறைகிறது. போன ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக்குப் பிறகு அண்ணா மெதுவாகப் பேச்சை எடுத்தார்.

"நிக்கிறேன்ப்பா," என்றாள் மகள். "பீரோ சாவியைக் குடுங்க. அம்மா எழுதின சொத்துப் படிவத்தை மொதல்ல பாக்கணும். இந்த மண்டபத்துச் சாமி எந்த ஊர்ச் சாமி?"

"நோடோணா," என்றார் அண்ணா.