ஈராண்டுப் படிப்பு

2015இல் சிறப்புக் கல்வியில் பி.எட். சேர்ந்தேன். முந்தைய ஆண்டு சேர்ந்தவர்கள் ஒரே வருடத்தில் முடித்திருந்தார்கள். எங்கள் செட்டிலிருந்து அது ஈராண்டானது. புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எங்கள் தெருவில் பலருக்கு இது வீண் செலவாகப் பட்டது. "அந்தப் பிள்ளைங்கள பாத்துக்கிறதுக்கு ரெண்டு வருஷப் படிப்பா?" என்று பக்கத்து வீட்டுப் பெரியம்மா அம்மாவிடம் கேட்டார். சித்ரா ஷா 2003இல் தொடங்கிய சத்யா சிறப்புப் பள்ளி அப்போதே ஊரில் பல வருடங்களாக நடந்துகொண்டிருந்தது. ஆனாலும் பார்த்துக்கொள்வது வேறு, கற்பிப்பது வேறு என்பது எங்கள் தெரு வரை வந்து சேரவில்லை.

துமா வீதி, சுஃப்ரேன் வீதி என்று பெயர்ப்பலகைகளைப் படித்து வளர்ந்த எனக்குப் பாடப் புத்தகத்திலும் பிரெஞ்சுக்காரர்களே வரிசையாக வந்தார்கள். அவேரோன் காட்டில் திரிந்து பிடிபட்ட விக்தோர் என்ற சிறுவனுக்குப் பேச்சு கற்றுத்தரப் பாடுபட்ட மருத்துவர் இத்தார், அவர் வழியில் வந்த செகேன், விரலால் படிக்க வழிசெய்த லூயி பிரெய்ல். இவர்களோடு வந்த உளவியலாளர் பினேயைத்தான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். வகுப்பில் யாருக்குக் கூடுதல் உதவி தேவை என்று கண்டறியத்தான் 1905இல் அவரும் சிமோனும் அறிவுத்திறன் சோதனையை உருவாக்கினார்கள். நாங்கள் பயிற்சிக்குப் போன இடத்திலோ பெற்றோர் கையில் ஐ.க்யூ. எண் போட்ட சான்றிதழ் இருந்தது, உதவிதான் இல்லை. "நாப்பத்தஞ்சுன்னு போட்டிருக்காங்க மிஸ், இவனுக்கு இதுக்கு மேல ஒண்ணும் வராதா?" என்றார் ஒரு தாய். நாளைக் காலை அவனுக்கு எதைக் கற்றுத்தரலாம் என்று அந்த எண் சொல்லவில்லை.

அதைச் சொல்லித் தந்தது செய்முறைப் பயிற்சி. அவனுக்குச் சட்டைப் பொத்தான் போடப் பழக்க வேண்டும். நமக்கு அது ஒரே செயல். பிரித்து எழுதினால், காஜாவைப் பிடிப்பது, பொத்தானைச் சாய்ப்பது, பாதி நுழைப்பது, மறுபக்கம் விரலால் கவ்வுவது, இழுப்பது. கடைசிப் படியிலிருந்து தொடங்கச் சொன்னார் எங்கள் மேற்பார்வை ஆசிரியை. முக்கால் பங்கு நானே நுழைத்துவிடுவேன், அவன் இழுத்தால் போதும். வேலையை முடித்தவன் அவன், பாராட்டும் அவனுக்கே. இழுப்பது கைவந்த பிறகு கவ்வுவது, அப்புறம் நுழைப்பது என்று பின்னோக்கிப் போக வேண்டும். பெரிய பொத்தானும் தளர்ந்த காஜாவும் உள்ள பழைய சட்டையை மேசைமேல் விரித்து ஆரம்பித்தோம். உடம்பில் போட்ட சட்டைக்கு வரவே வாரக்கணக்கானது. இந்த வேலைக்குப் பொறுமை இருந்தால் போதும் என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. எந்தப் படியில் விரல் தடுமாறுகிறது என்று பார்க்கத் தெரியாமல் பொறுமையாக மட்டும் இருந்தால் பிள்ளையின் வருடங்கள்தான் போகும்.

இன்று சட்டம் எங்கள் பக்கம். 1995ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் 7 ஆக இருந்த குறைபாட்டு வகைகள் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தில் 21 ஆயின. ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் உள்ளே வந்தன. தொடக்க வகுப்புகளில் இத்தகைய பிள்ளைகள் 10 பேருக்கு ஒரு சிறப்பு ஆசிரியர், அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர் என்று, 2021இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டதைத் தொடர்ந்து, 2022இல் ஒன்றிய அரசு அறிவித்தது. படிப்பும் நீண்டுவிட்டது. இனி நான்காண்டு ஒருங்கிணைந்த பட்டத்துக்கே அங்கீகாரம் என்று இந்திய மறுவாழ்வுக் குழுமம் 2024இல் அறிவித்தது.

நீளாதது வேலை. என்னோடு படித்த பலர் ஆண்டுதோறும் புதுப்பிக்கும் ஒப்பந்தத்தில் இருக்கிறார்கள். ஒரு தோழி நாளுக்கு ஒரு பள்ளியாகப் பேருந்தில் அலைகிறாள். திங்களன்று பார்த்த பிள்ளையை அடுத்த திங்கள்தான் பார்க்கிறாள். அதற்குள் பழகிய விரல் மறந்துவிடுகிறது. ஒப்பந்தம் முடிந்து வேறு ஆள் வந்தால், எந்தப் படியில் நிறுத்தினோம் என்பது கோப்பில் இருக்கும். கோப்பைப் புரட்ட அவருக்கு நேரம் இருக்காது.

சிறப்பு ஆசிரியர் பணியிடங்களை மாநிலங்களும் யூனியன் பிரதேசங்களும் அறிவிக்க வேண்டும் என்று 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் உத்தரவிட்டது. இந்தப் படிப்பில் சேரலாமா என்று கேட்டு வரும் பெண்களிடம் சேரச் சொல்கிறேன். நிரந்தரப் பணியிடம் கேட்டு மனுப் போடவும் சேர்த்தே சொல்கிறேன். ஒரே பிள்ளையோடு தொடர்ந்து சில வருடங்கள் இருக்க விட்டால்தான் நாங்கள் படித்தது அந்தப் பிள்ளைக்குப் போய்ச் சேரும்.