பின்னேற்பு

பின்னேற்பு என்றொரு சொல் உண்டு. அகராதியில் தேடாதீர்கள், நகராட்சி அலுவலகத்தில் தேடுங்கள். குழாய் உடைந்து தெருவெல்லாம் தண்ணீர் ஓடுகிறது, மன்றம் கூட இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது, அதுவரை குழாயைக் கையால் பொத்திக்கொண்டு நிற்க முடியாது என்பதால் ஆள் வைத்து அடைத்துவிட்டு, பிறகு சாவகாசமாக மன்றத்தில் வைத்து, செய்தது சரிதான் என்று வாங்கிக்கொள்கிற அனுமதிக்குத்தான் அந்தப் பெயர். என் கல்யாணத்தை நிச்சயம் செய்துவிட்டு வந்து அப்பா என்னிடம் வாங்கியது அதுதான். இருபத்தெட்டு வருஷம் கழித்துத் தன் கல்யாணத்தைத் தானே நிச்சயம் செய்துகொண்டு வந்து என் மகன் வாங்கியதும் அதுதான். நடுவில் முன் அனுமதி என்று ஒன்றை என்னிடம் யாரும் கேட்டதாக நினைவில்லை.

1986 பிப்ரவரியில் தமிழ்நாட்டு நகராட்சிகளுக்குத் தேர்தல் நடந்ததே, அந்த வருஷம்தான் எங்கள் ஊர் நகராட்சியில் தற்காலிகத் தட்டச்சராகச் சேர்ந்தேன். நெடுநாள் பூட்டிக் கிடந்த மன்றக் கூடத்தைத் திறந்து ஒட்டடை அடித்தார்கள்; பழைய சேர்மன்களின் படங்களைத் துடைத்து மாட்டினார்கள்; ஒரு படத்தில் இருப்பவர் யார் என்று யாருக்கும் தெரியாததால், இறக்கினால் வம்பு என்று அவரையும் மாட்டினார்கள். எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. தமிழ் இலக்கியம் படித்தவன், இரண்டு கவிதைகள் அச்சில் வந்தவன். நகராட்சி என்றால் ராஜாஜி சேலத்திலும் பெரியார் ஈரோட்டிலும் தலைவர்களாக உட்கார்ந்திருந்த நாற்காலி என்று புத்தகத்தில் படித்துவிட்டு, அந்த நாற்காலிக்கு எதிரே நடக்கப்போகிற சரித்திரத்தைத் தட்டச்சு செய்யப் போகிறோம் என்று நெஞ்சு நிமிர்ந்து போனேன். முதல் நாள் என் கைக்கு வந்த சரித்திரம், தினசரி மார்க்கெட் கழிப்பறைக்குப் பினாயில் வாங்குவது.

கூட்டப்பொருள் தயாரிப்பதை இன்றைய பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிப் புரியவைப்பேன்? மெழுகுத்தாளை மிஷினில் செருகி, நாடாவை விலக்கிவிட்டு, எழுத்து தாளைக் கிழிக்காமலும் கிழிக்காமல் விடாமலும் நிதானமாக அடிக்க வேண்டும். தப்பு வந்தால் பிழையை மூடுகிற சிவப்பு மருந்தைத் தடவி, வாயால் ஊதிக் காயவைத்து, மேலே மறுபடி அடிக்க வேண்டும். பிறகு ரோனியோ மிஷினின் கைப்பிடியைச் சுற்றச் சுற்ற, ஈர மை வாசனையோடு ஒவ்வொரு தாளாக வந்து விழும். அந்த வாசனை சட்டைக் கையில் ஏறி வீடு வரைக்கும் வரும். ஆபீஸ் உதவியாளர் அந்தக் கட்டுகளைச் சைக்கிளில் வைத்துக்கொண்டு உறுப்பினர் வீடு வீடாகப் போய், தபால் புத்தகத்தில் கையெழுத்து வாங்கி, வீட்டுக்கு ஒரு மோர் என்று குடித்துக்கொண்டு சாயங்காலம் திரும்புவார். இப்போது வாட்ஸப்பில் ஒரு பொத்தானை அழுத்தினால் எல்லாருக்கும் போய்விடுகிறது. மோர்தான் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வாய்ப்பாடு உண்டு. முதலில் விவரம், பிறகு 'மன்றத்தின் முடிவுக்கு வைக்கப்படுகிறது', அதன் கீழே 'அலுவலகக் குறிப்பு: அனுமதிக்கலாம்'. இந்த வறட்சி எனக்குப் பொறுக்கவில்லை. மூன்றாவது வார்டில் ஒரு சாக்கடை நிரம்பித் தெருவில் வழிகிற விஷயத்தை எழுதும்போது, 'கரைபுரண்டு ஓடும் கழிவுநீர்' என்று என் தமிழைக் கொஞ்சம் திறந்துவிட்டேன். மேனேஜர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, கரைபுரண்டு ஓடுதுன்னு எழுதினா, வெள்ள நிவாரணக் கணக்கு எங்கேன்னு ஆடிட்டுல கேப்பான். சாக்கடைக்கு எதுக்கு தம்பி அலங்காரம்? 'அடைப்பு ஏற்பட்டுள்ளது'ன்னு போடு."

போட்டேன். ஆனால் திருந்தவில்லை. கூட்டத்தில் உட்கார்ந்து நடவடிக்கைக் குறிப்பு எடுக்கிற வேலையும் எனக்கு வந்தபோது, ஒரு உறுப்பினர் வரிவிதிப்பை எதிர்த்து மேசையைத் தட்டி முழங்கி வெளிநடப்பு செய்ததையும், வராந்தாவில் நின்று டீயும் போண்டாவும் சாப்பிட்டதையும், தன் வார்டுச் சிறுபாலம் பதினைந்தாவது பொருளாக இருப்பது ஞாபகம் வந்து பதினான்கு முடிவதற்குள் வாயைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்ததையும் கண்ணால் பார்த்துவிட்டு, 'உறுப்பினர் வெளிநடப்பு செய்து, தேநீர் அருந்தி, உள்நடப்பு செய்தார்' என்று எழுதிவைத்தேன். மேனேஜர் அந்த வரியின்மேல் கோடு இழுத்தார். என் இலக்கிய வாழ்க்கையிலேயே மிகச் சிறந்த வரி அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன். பின்னாளில் நானே மேனேஜராகி அதே நாற்காலியில் உட்கார்ந்து, புதிதாக வந்த பையன் ஒருவன் எழுதிய 'இருள் சூழ்ந்த வீதி'யை அடித்து 'விளக்கு எரியவில்லை' என்று மாற்றியபோது என் கை கொஞ்சமும் நடுங்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்த மன்றத்தை எவ்வளவு இளக்காரமாகப் பார்த்தேன்! உலகம் எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறது, இவர்கள் ஆட்டிறைச்சிக் கூடத்துக்கு ஓடு மாற்றுவதற்கு முக்கால் மணி நேரம் பேசுகிறார்களே என்று கோபம் வரும். பஸ் நிலையத்துச் சைக்கிள் நிறுத்துமிட ஏலம், திருவிழாவுக்குச் சுண்ணாம்பும் பிளீச்சிங் பவுடரும், தெருநாய்த் தொல்லை, ஒரு தெருவுக்குப் பெயர் வைப்பதில் இரண்டு தரப்பு, யாராவது பெரியவர் காலமானால் எழுந்து நின்று ஒரு இரங்கல் தீர்மானம். இவ்வளவுதான் மன்றம். இவ்வளவுதான் ஊரும் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

நீங்களும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். உங்கள் ஊரிலும் நகராட்சிச் சங்கு ஊதியிருக்குமே. அதைக் கேட்டு உலை வைத்த வீடுகள் இருந்தன, கடிகாரம் திருத்திய வீடுகள் இருந்தன. ஜனவரி 30 அன்று காலை பதினொரு மணிக்கு அது ஊதும்போது, பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று இரண்டு நிமிஷம் சிரிப்பை அடக்கிய பிள்ளைகள் இருந்தோம். பூங்காவில் ஒரு சின்ன மண்டபத்துக்குள் வானொலிப் பெட்டி இருக்கும். மாலையானால் நகராட்சி ஊழியர் பூட்டைத் திறந்து மாநிலச் செய்திகளை வைப்பார். புல்லில் உட்கார்ந்து ஊர் கேட்கும். சைக்கிளுக்கு வரி கட்டி, வில்லையை வாங்கி மாட்ட வேண்டும். மாட்டாமல் டபுள்ஸ் போனவன் நான். பில் கலெக்டர் விசில் ஊதியதும் பின்னால் இருந்தவன் குதித்து ஓட, நான் மட்டும் அகப்பட்டு அபராதம் கட்டியிருக்கிறேன். அதே ஆபீஸில்தான் பிறகு முப்பத்துமூன்று வருஷம் சம்பளம் வாங்கினேன்.

பிறப்புப் பதிவேடு இன்னொரு அதிசயம். குழந்தை பிறந்து 21 நாளுக்குள் பதிய வேண்டும் என்பது 1969ஆம் வருஷத்துச் சட்டம். பழைய பேரேடுகளில் பெயர்க் கட்டம் பெரும்பாலும் காலியாகவே கிடக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மத்தியானம் என்னை நானே தேடிப் பார்த்தேன். அப்பா பெயர், தெரு, தேதி எல்லாம் இருந்தன. என் பெயர் இருக்க வேண்டிய கட்டத்துக்குப் பக்கத்தில் 'ஆண்' என்று மட்டும் எழுதியிருந்தது. தேதியும் பள்ளிக்கூடத்துத் தேதியும் வேறு வேறு. போன வருஷம் பேத்தி பிறந்தபோது மருமகள் போனிலேயே சான்றிதழை இறக்கிக் காட்டினாள். கியூஆர் கோடு, எழுத்துப் பிழை இல்லை, எல்லாம் கச்சிதம். பேரேட்டைப் புரட்டும்போது பறக்கிற தூசியும், தும்மலுக்கு நடுவே "உங்க பாட்டனாரையும் இதிலதான் எழுதியிருக்கு, பாக்கிறீங்களா?" என்று கேட்கிற குமாஸ்தாவும் அதில் இல்லை.

பிறகு ஒருநாள் மன்றத்தின் காலம் முடிந்தது, தனி அலுவலர் வந்தார். நாங்கள் வருத்தப்படவில்லை. உண்மையைச் சொன்னால் கொண்டாடினோம். கூச்சல் இல்லை, போண்டா இல்லை, முக்கால் மணி நேரத்து ஓடு ஒரே கையெழுத்தில் மாறியது. 1688இல் தொடங்கிய சென்னை மாநகராட்சியே 1973 முதல் 1996 வரை மன்றம் இல்லாமல் நடந்திருக்கிறதே, நம் ஊருக்கு என்ன என்று டீக்கடையில் நானே நியாயம் பேசியிருக்கிறேன். 1996இல் மறுபடி தேர்தல் வந்தது, மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு என்று வந்தது. அம்மா நாற்காலியில் உட்கார, பார்வையாளர் வரிசையிலிருந்து ஐயா கண்ஜாடை காட்டிய கூட்டங்களுக்கு நான் குறிப்பு எடுத்திருக்கிறேன். 2016இல் மறுபடியும் மன்றம் போயிற்று. வருஷக்கணக்கில் ஆணையாளரே தனி அலுவலர். ஆணையாளராக ஒரு பொருளைத் தயாரித்துத் தனி அலுவலராகிய தமக்கே சமர்ப்பித்து, தனி அலுவலராக அதைப் பரிசீலித்து அனுமதித்து, ஆணையாளராகப் பெற்றுக்கொள்வார். எதிர்ப்பு ஒன்றுமில்லை. வெளிநடப்பு செய்ய வேண்டுமென்றாலும் அவரேதான் செய்தாக வேண்டும். அந்த மௌனத்திலேயே 2019இல் ஓய்வு பெற்றேன். மாலை போட்டார்கள், போண்டா கொடுத்தார்கள்.

2022 பிப்ரவரியில் தேர்தல் நடந்து மன்றம் திரும்பி வந்தபோது, பாதி இடங்களில் பெண்கள். எங்கள் வார்டுக்கு என் மகளைவிடச் சின்னப் பெண் ஒருத்தி. கண்ஜாடை காட்ட யாரும் கூட வருவதில்லை, ஸ்கூட்டரில் தானே வருகிறாள். ஆனாலும் நான் நவீன மனிதன் அல்லவா, எங்கள் தெருவிளக்கு அணைந்தபோது அவளிடம் போகாமல் செயலியில் புகார் பதிந்தேன். மூன்றாம் நாள் 'தங்கள் புகார் நிவர்த்தி செய்யப்பட்டது' என்று குறுஞ்செய்தி வந்தது. கம்பத்தின் கீழே நின்றுதான் படித்தேன். இருட்டில் எழுத்து தெளிவாகத் தெரிந்தது, போனுக்கு வெளிச்சம் உண்டே. இரண்டாம் முறை பதிந்தேன், இரண்டாம் முறையும் நிவர்த்தியாயிற்று. மூன்றாவது முறை, சேவையின் தரத்துக்கு எத்தனை நட்சத்திரம் கொடுக்கிறீர்கள் என்று வேறு கேட்டது. அன்றைக்கு வானத்தில்தான் நட்சத்திரம் நன்றாகத் தெரிந்தது.

மானத்தை விட்டுக் கவுன்சிலர் வீட்டுக்குப் போனேன். "முதல்லயே வந்திருக்கலாமே பெரியப்பா" என்றாள். என்னை உட்காரவைத்துக் காபி கொடுத்துவிட்டு, வயர்மேனுக்குப் போன் போட்டு, "அண்ணே, இன்னிக்கே பாத்துருங்கண்ணே" என்றாள். இவ்வளவுதான் நடந்தது. சாயங்காலம் ஏணியோடு ஆள் வந்தார், ஏழு மணிக்கு விளக்கு எரிந்தது.

அடுத்த மாதக் கூட்டத்துக்குப் பார்வையாளர் வரிசையில் போய் உட்கார்ந்தேன். எங்கள் தெரு விளக்குப் பழுதுபார்ப்புச் செலவு பத்தொன்பதாவது பொருளாக வந்திருந்தது, பின்னேற்புக்கு. யாரும் பேசவில்லை. அனுமதிக்கப்பட்டது.