ப்ராக் ரசிக லட்சண விசாரம்

ஆராயத் தக்க விஷயங்கள் யாவற்றையும் அறிஞர்கள் ஆராய்ந்து முடித்துவிட்டு, ஆராயத் தகாதவற்றிலும் பாதிக்கு மேல் கை வைத்துவிட்ட இந்நாளில், புராக்ரெசிவ் ராக், சுருக்கமாக ப்ராக், என்னும் சங்கீத வகையின் ரசிகர்கள் இருவர் மூவராகக் கூடி, இசைத்தட்டுகளையும் கச்சேரிகளையும் பற்றிப் பேசி அடையும் பரவசத்துக்கு முறையானதொரு சாஸ்திரம் இல்லாதிருப்பது கல்வி உலகத்துக்குப் பெருங்குறை என்று கருதி, அதை நிவர்த்திக்கும் பொருட்டு இச்சிறு விசாரம் எழுதப்படுகிறது. இதனால் யாருக்கு என்ன பிரயோஜனம் என்று கேட்க விரும்புவோர், பிரயோஜனம் இன்மையே தூய ஆராய்ச்சியின் தலையாய லட்சணம் என்பதை நினைவிற்கொண்டு மேலே செல்வார்களாக.

நமது சாஸ்திரத்துக்குச் சூத்திரம் ஒன்றே: தான் ரசித்ததைப் பிறனுக்கு உரைக்குமிடத்து, அப்பிறன் அதையே சற்றுப் பிழைபட ரசித்திருத்தல் பேரின்பம் பயக்கும். எஞ்சியவை யாவும் இதன் உரையே.

பொருளின் எல்லை

இச்சங்கீதம் 1960-களின் இறுதியில் இங்கிலாந்தில் தோன்றியது என்பதிலும், கிங் கிரிம்ஸன், யெஸ், ஜெனஸிஸ், ஜெத்ரோ டல், எமர்ஸன் லேக் அண்ட் பாமர், வான் டெர் கிராஃப் ஜெனரேட்டர் முதலிய குழுவினரால் வளர்க்கப்பட்டது என்பதிலும் ரசிகர்களிடையே ஏறக்குறைய ஒற்றுமை உண்டு. ஆனால் இவ்வொற்றுமை வெகுதூரம் செல்வதில்லை. பிங்க் ஃபிளாய்டு குழுவினரை இவ்வரிசையில் சேர்ப்பதா விலக்குவதா என்று கேட்ட மாத்திரத்தில் சபை இரண்டாகப் பிளந்துவிடுகிறது. அவர்கள் 1973-ல் வெளியிட்ட 'தி டார்க் ஸைட் ஆஃப் தி மூன்' என்னும் தட்டு, 1988 வரையில் அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் 741 வாரங்கள் வீற்றிருந்தது. அத்தனை ஜனங்களுக்குப் பிடித்துப்போன ஒன்று நம்முடையதாக எப்படி இருக்க முடியும் என்பது ஒரு கட்சி. அத்தனை ஜனங்களும் நம்முடையதைத்தான் கேட்கிறோம் என்று அறியாமலே கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்பது எதிர்க்கட்சி. இரு கட்சியாரும் அந்தத் தட்டை வீட்டில் வைத்திருக்கிறார்கள் என்பதை மட்டும் இங்கே குறித்துவைக்கிறோம்.

இனி, இவ்வகைப் பாட்டுகளின் நீளத்தைப் பற்றி. அக்காலத்து எல்.பி. தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய இருபது நிமிஷம் ஓடும். அதற்கு மேல் நீட்டினால் வரிப்பள்ளங்கள் நெருங்கி ஒலி மெலிந்துபோகும். மற்ற இசைக் குழுவினர் இந்த இருபது நிமிஷத்தில் ஐந்தாறு பாட்டுகளை அடக்க, இவர்களோ ஒரே பாட்டால் அதை நிரப்பினார்கள். 1972-ம் ஆண்டு ஒன்றிலேயே, யெஸ் குழுவினரின் பதினெட்டு நிமிஷத்துக்கு மேற்பட்ட 'க்ளோஸ் டு தி எட்ஜ்', ஜெனஸிஸ் குழுவினரின் இருபத்துமூன்று நிமிஷத்தை எட்டும் 'ஸப்பர்ஸ் ரெடி', தட்டின் இரு பக்கங்களையும் ஒரே பாட்டாக விழுங்கிவிட்ட ஜெத்ரோ டல்லின் 'திக் அஸ் எ பிரிக்' ஆகிய மூன்றும் வெளிவந்தன. இந்த நீளத்தின் காரணத்தைச் சங்கீத விமரிசகர்கள் மேலைநாட்டுச் செவ்வியல் இசையின் செல்வாக்கில் தேடுகிறார்கள். நமது சூத்திரத்தின்படி பார்த்தால் விடை வேறு: மூன்று நிமிஷப் பாட்டில் இடையே புகுந்து வியாக்கியானம் செய்ய அவகாசம் கிடையாது. புதியவர் ஒருவரைப் பிடித்து உட்காரவைத்து, "இதோ வரப்போகிறது, கவனியுங்கள்" என்று ஆறாம் நிமிஷத்திலும், "வந்தது கவனித்தீர்களா?" என்று ஏழாம் நிமிஷத்திலும், "அது அல்ல, இதுதான்" என்று பதினோராம் நிமிஷத்திலும் சொல்வதற்கு ஒரு பக்கம் முழுவதும் வேண்டியிருக்கிறது. இவ்வாறு கேட்பவர் பாட்டைக் கேளாமல் ரசிகரையே கேட்டுவிட்டு எழுந்து போகிறார். ரசிகரும் அதைத்தான் விரும்புகிறார்.

'திக் அஸ் எ பிரிக்' பற்றித் தனியே ஒரு வார்த்தை. கருத்தொருமை கொண்ட தட்டுகள் என்னும் மோகத்தைப் பரிகசிக்கவே ஜெத்ரோ டல்லின் பாடகர் இயன் ஆண்டர்ஸன் அதை இயற்றினார்; எட்டு வயதுப் பாலகன் ஜெரால்டு பாஸ்டாக் எழுதிய கவிதை என்று ஒரு கற்பனைக் கவிராயரைச் சிருஷ்டித்து, தட்டின் உறையையே பன்னிரண்டு பக்கப் பொய்ப் பத்திரிகையாக அச்சிட்டார். ரசிகர்களோ அந்தப் பரிகாசத்தை அதன் வகையிலேயே தலைசிறந்த உதாரணமாகச் சுவீகரித்துக்கொண்டார்கள். பரிகாசத்துக்கு ஆளானவர்களே அதற்கு உரையாசிரியர்களாக அமர்ந்துவிட்ட இந்நிகழ்ச்சி, போலி ஆராய்ச்சி எழுதுவோர் யாவரும் அஞ்சத் தக்கது.

தாளப் பிரகரணம்

கச்சேரிக்கு வருபவர் கைதட்டித் தாளம் போட வேண்டும் என்பது ராக் சங்கீதத்தின் பொது விதி. அக்கைதட்டலைத் தடுப்பதே ப்ராக் சங்கீதத்தின் சிறப்பு விதி. 'ஸப்பர்ஸ் ரெடி' ஏழு பகுதிகளை உடையது; அதன் ஆறாம் பகுதி மூன்றும் இரண்டும் நான்குமாகப் பிரியும் ஒன்பது எண்ணிக்கையில் நடக்க, டோனி பாங்க்ஸ் என்பார் அதன்மேல் ஆர்கனை, அந்த எண்ணிக்கை தமக்கு அறிமுகமே இல்லாததுபோல் வாசித்துச் செல்கிறார். கண்ட சாபுவும் மிச்ர சாபுவும் கேட்டுப் பழகிய நம் சபாக்களில், ஏழு எண்ணியதற்காக ஒருவரையொருவர் கட்டித் தழுவிக்கொள்வது விநோதமாகத் தோன்றலாம். ஆனால் நாலைத் தவிர வேறு அறியாத தேசத்தில் ஏழு என்பது மலையுச்சி. இரண்டு ரசிகர்கள் சந்தித்தால், குறிப்பிட்ட இடம் ஏழா, அன்றி நாலும் மூன்றுமா என்பதில் தொடங்கும் விவாதம், இரண்டையும் கூட்டினால் ஒன்றே என்று பக்கத்திலிருப்பவர் சொல்லிய பிறகும் ஓய்வதில்லை. கூட்டத் தெரிந்தவரை அப்பேச்சிலிருந்து விலக்கி வைப்பதும் உண்டு.

பாடபேதப் பிரகரணம்

ஒரே கிரந்தத்தின் பல பிரதிகளைச் சேகரித்து ஒப்புநோக்குவதில் ப்ராக் ரசிகர்களுக்கு இணை அவர்களே. கிங் கிரிம்ஸனின் முதல் தட்டு 1969 அக்டோபரில் வெளிவந்தது. அதை எல்.பி.யாக வாங்கியவர், பிறகு காஸெட்டாகவும், சி.டி.யாகவும், திருத்திய சி.டி.யாகவும் வாங்கிய பின்னர், 2009-ல் ஸ்டீவன் வில்ஸன் என்னும் இசைஞர் மூலப் பதிவு நாடாக்களிலிருந்து அதைப் புதிதாகக் கலந்து தந்தபோது மறுபடியும் வாங்கினார். வில்ஸன் அத்துடன் நில்லாமல் ஜெத்ரோ டல், யெஸ், ஜென்டில் ஜயன்ட் ஆகியோருக்கும் அக்கைங்கரியத்தைச் செய்ததால், ஐம்பது வயதைக் கடந்த கனவான்கள் இளமையில் ஒருமுறை செலவழித்த பணத்தை முதுமையில் மறுமுறை செலவழிக்கும் பாக்கியத்தைப் பெற்றார்கள். புதிய கலவையில் பாஸ் கிடார் தெளிவாகக் கேட்கிறது என்று ஒருவர் சொல்ல, தெளிவாகக் கேட்பதுதான் குற்றம் என்று மற்றவர் மறுக்கிறார்.

கச்சேரிப் பதிவுகளில் பாடபேதம் இன்னும் பெருகும். இதற்கு மெல்லோட்ரான் என்னும் வாத்தியமும் துணைக்காரணம்: அதன் ஒவ்வொரு கட்டைக்கும் கீழே ஒரு காந்த நாடா உண்டு, பிடில்களின் ஒலியோ குழலின் ஒலியோ அதில் முன்னமே பதியப்பட்டிருக்கும், எட்டு விநாடி ஓடியதும் நாடா தீர்ந்துபோகும், மின்சாரத்தின் அழுத்தம் குறைந்தால் சுருதியும் இறங்கும். ஆகவே ஒவ்வோர் ஊரிலும் ஒவ்வொரு சுருதி கேட்டது. கிங் கிரிம்ஸன் 1974-ல் வெளியிட்ட 'ஸ்டார்லெஸ் அண்ட் பைபிள் பிளாக்' என்னும் தட்டின் பெரும்பகுதி, முந்திய ஆண்டு நவம்பரில் ஆம்ஸ்டர்டாம் நகரத்துக் கான்ஸர்ட்கபாவ் மண்டபத்தில் நடந்த கச்சேரி முதலானவற்றில் பதிவானதே. கைதட்டல்களை மட்டும் வெட்டி நீக்கிவிட்டு வெளியிட்டார்கள். எந்த இடத்தில் வெட்டினார்கள் என்று ரசிகர்கள் இருபதாண்டுக்கு மேல் செவியைத் தீட்டிக்கொண்டிருக்க, 1997-ல் அதே கச்சேரியைக் கைதட்டலோடு தனித் தட்டாக விற்றார்கள். ரசிகர்கள் வாங்கினார்கள். கைதட்டலுக்கும் விலை கொடுத்து வாங்கும் சபை இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

வம்சாவளிப் பிரகரணம்

இக்குழுக்களில் ஆட்கள் வருவதும் போவதும் அடிக்கடி நிகழ்ந்தமையால், ஸிக்ஸாக் என்னும் பத்திரிகையைத் தொடங்கிய பீட் ஃபிரேம் என்பார், ராஜவம்சங்களுக்கு வரைவதுபோல் இவர்களுக்கும் கிளைவழிப் படங்களை வரைய நேர்ந்தது. 'க்ளோஸ் டு தி எட்ஜ்' பதிவு முடிந்த கையோடு, டிரம் வாசித்த பில் புரூஃபோர்டு யெஸ் குழுவை விட்டுக் கிங் கிரிம்ஸனில் சேர்ந்தார். புகழின் சிகரத்தில் இருந்த குழுவைத் துறந்து புறப்பட்ட இச்செய்கை ஞானமா அவிவேகமா என்பது இன்றும் முடிவாகாத வழக்கு. யெஸ் குழுவில், ஆரம்பம் முதல் 2015-ல் தாம் காலமாகும் வரையில் ஒவ்வொரு ஸ்டூடியோத் தட்டிலும் வாசித்தவர் கிறிஸ் ஸ்குவயர் ஒருவரே. அவருக்குப் பின் எஞ்சியது யெஸ்தானா என்று நையாயிகர்களைப்போல் ரசிகர்கள் தர்க்கித்துக்கொண்டிருக்கையில், 2017-ல் அப்பெயரைத் தாங்கிய குழுக்கள் இரண்டு ஏககாலத்தில் ஊர் ஊராகக் கச்சேரி செய்யலாயின. தர்க்கம் முடிந்துவிடுமோ என்று கவலையுற்றிருந்தவர்களுக்கு இது எதிர்பாராத அநுக்கிரகம்.

கச்சேரிப் பிரகரணம்

ஜெனஸிஸின் பாடகர் பீட்டர் கேப்ரியல், 1972 செப்டம்பரில் டப்ளின் நகரத்து மேடையில், தம் மனைவியின் சிவப்புக் கவுனையும் நரித் தலையையும் அணிந்து தோன்றினார். சக வாத்தியக்காரர்களுக்கும் அது முன்னதாகத் தெரியாது. பின்னர் 1974-75-ல் 'தி லாம்ப் லைஸ் டௌன் ஆன் பிராட்வே' என்னும் கதையை மூன்று திரைகளில் ஸ்லைடுகளோடு நடத்தினார்கள். அதன் முழுமையான படச்சுருள் இல்லை. அந்த ஸ்லைடுகள் ஒழுங்காக வேலை செய்த இரவுகள் சொற்பம் என்று குழுவினரே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். கனடாவின் மான்ட்ரியால் நகரத்தைச் சேர்ந்த 'தி மியூஸிக்கல் பாக்ஸ்' குழுவினர், பிற்காலத்தில் ஜெனஸிஸின் அநுமதியோடு அந்த ஸ்லைடுகளையே பெற்று, உடைகளும் அசைவுகளும் பிசகாமல் அந்நிகழ்ச்சியை மறுபடி நடத்தலானார்கள். ஆகவே 1975-ல் அசலைக் கண்ட முதியவரும், பின்னர் நகலைக் கண்ட இளைஞரும் சந்திக்குங்கால், கண்டது அசலா என்பது முதியவரின் வாதமாகவும், ஸ்லைடு தெரிந்ததா என்பது இளைஞரின் வாதமாகவும் அமைகிறது.

யெஸ் குழுவினர் 1973 இறுதியில் வெளியிட்ட 'டேல்ஸ் ஃப்ரம் டோபோகிராஃபிக் ஓஷன்ஸ்' இங்கே விசேஷ கவனத்துக்கு உரியது. பரமஹம்ஸ யோகாநந்தர் தம் சுயசரிதத்தில் சாஸ்திரங்களைச் சுருதி, சுமிருதி, புராணம், தந்திரம் என நால்வகைப்படுத்திய ஓர் அடிக்குறிப்பைப் படித்த யெஸ் பாடகர் ஜான் ஆண்டர்ஸன், வகைக்கொரு பக்கமாக இரட்டைத் தட்டின் நான்கு பக்கங்களையும் நிரப்பினார். ஓர் அடிக்குறிப்பிலிருந்து எண்பது நிமிஷ சங்கீதம் பிறந்தது என்னும் செய்தி, அடிக்குறிப்புகளை யாரும் படிப்பதில்லையே என்று ஏங்கும் ஆராய்ச்சியாளர் சமூகத்துக்குப் பெரும் ஆறுதல். தட்டு பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் முதலிடம் எய்தியது. ஆயினும் கீபோர்டு வாசித்த ரிக் வேக்மனுக்கு அது உவக்கவில்லை. மான்செஸ்டர் நகரத்து ஃப்ரீ டிரேட் ஹாலில் வாசித்துக்கொண்டிருக்கையில், கச்சேரி முடிந்தபின் உண்ண விரும்புவது யாது என்று உதவியாளர் கேட்டதற்கு விடையளித்ததாகவும், அவ்வுதவியாளர் அதை அப்பொழுதே வேண்டுமென்று புரிந்துகொண்டு, கோழிக் குழம்பு, சோறு, வெண்டைக்காய், ஆறு அப்பளம் உள்ளிட்ட இந்தியச் சாப்பாட்டை மேடைக்கே கொணர்ந்துவிட்டதாகவும், தாம் அதை அங்கேயே உண்டதாகவும் அவரே சொல்லியிருக்கிறார். அடுத்த ஆண்டு அவர் குழுவை விட்டு விலகினார். அவ்வுணவு விமரிசனமா, வெறும் பசியா என்பதில் ரசிகர்கள் இரு பிரிவு; வாசனை எத்தனையாவது வரிசை வரை எட்டிற்று என்பது இன்னும் ஆராயப்படவில்லை.

ஒழுக்கத்தில் மிகக் கடுமையாக இருந்தது கிங் கிரிம்ஸனின் கச்சேரி. 2014 முதல் 2021 வரை நடந்த பயணங்களில் புகைப்படம் எடுப்பது அறவே தடையாக இருந்தது. இறுதியில், பாஸ் வாசித்த டோனி லெவின் தம் காமிராவை எடுத்துச் சபையைப் படம் பிடித்தபோது மட்டும் சபையும் அவரைப் பிடிக்க அநுமதி இருந்தது. ஆகவே அக்கச்சேரிக்குச் சென்றவர்கள் எல்லோரிடமும் இருப்பது, தங்களைப் படமெடுத்துக்கொண்டிருக்கும் ஒருவருடைய படம்.

ஆக்ஷேபமும் சமாதானமும்

இதுவரை சொன்னதைக் கேட்டவர், இந்த ரசிகர்கள் ஒற்றுமையாய் எதையும் செய்ததில்லையா என்று ஆக்ஷேபிக்கக் கூடும். செய்தார்கள். 1997-ல் ஆங்கிலேய ப்ராக் குழுவான மாரிலியன் குழுவினர் பணமின்மையால் அமெரிக்கா செல்ல இயலாதென்று அறிவித்தபோது, ரசிகர்கள் தாங்களே ஏறக்குறைய 60,000 டாலர் திரட்டிக் கொடுத்து அவர்களை வரவழைத்தார்கள். இது சூத்திரத்துக்கு விரோதமன்றோ என்றால், அன்று. குழு வராவிட்டால் எதைப் பற்றித் தர்க்கிப்பது? பழைய பாடகர் ஃபிஷ் விலகி, ஸ்டீவ் ஹோகார்த் வந்த பின் அமைந்த குழு அது. இருவருள் எவர் சிறந்தவர் என்னும் விவாதத்துக்கு வேண்டிய மூலப்பொருளை இறக்குமதி செய்த செலவே அந்த 60,000 டாலர்.

வான் டெர் கிராஃப் ஜெனரேட்டரின் 'பான் ஹார்ட்ஸ்', பிரிட்டனில் கேட்பாரற்றுக் கிடக்கையில் 1972-ல் இத்தாலியில் முதலிடம் பெற்றது என்பதையும் இங்கே கூட்டிப் பார்க்க வேண்டும். ஒரு தேசமே ஒன்றாக ரசித்த தட்டு என்று அதை ஆங்கிலேய ரசிகர் மெச்சுவதில்லை; இத்தாலியர் அதைச் சரியான காரணத்துக்காக ரசித்தார்களா என்றே கேட்கிறார்.

முடிபு

மேற்கண்டவற்றால், ப்ராக் ரசிகரின் பரவசத்துக்குத் தட்டு நிமித்த காரணம், கச்சேரி துணைக் காரணம், கருத்து வேறுபாடே முதற்காரணம் என்பது பெறப்படும். இதனை எதிர்மறையாலும் சாதிக்கலாம். எல்லைகளிலும் எண்ணிக்கையிலும் பாடபேதத்திலும் வம்சாவளியிலும் அணுவளவும் மாறுபடாத இரு ரசிகர்கள் ஓர் அறையில் சந்தித்ததாக வைத்துக்கொள்வோம். முதல் ஐந்து நிமிஷத்தில் அவர்களுடைய சம்பாஷணை தீர்ந்துபோகும். அதன்பின் அவ்விருவருக்கும் செய்வதற்கு மிஞ்சியிருப்பது தட்டைச் சுழலவிட்டு, வாய் பேசாமல், முதற்பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை கேட்பது ஒன்றே. நல்லவேளையாக, அத்தகைய விபத்து நிகழ்ந்ததாக இதுவரை எங்கும் பதிவாகவில்லை.