வளையம் கண்டோம், மருந்து எங்கே?

நிலவேம்பை அரைத்தாயிற்று. துளசியை அரைத்தாயிற்று. குப்பைமேனி, ஆடாதொடை, கீழாநெல்லி என்று வேலியோரத்தில் எதையும் விட்டுவைக்கவில்லை. நம் கல்லூரி ஆய்வகங்கள் ஆன்டிபயாடிக் தேடும் வேகத்துக்குக் கிருமிகள் இந்நேரம் நாட்டைவிட்டே ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. ஆஸ்பத்திரியில் நரம்பில் ஏற்றும் ஆன்டிபயாடிக்குகளில் செடி தந்தது ஒன்றுகூட இல்லை.

எல்லா ஆய்வுக்கும் ஒரே சமையல் குறிப்புதான். இலையை நிழலில் உலர்த்து. மெத்தனாலில் ஊறவை. சாற்றைக் காகித வட்டில் ஏற்றி, கிருமி பூசிய அகார் தட்டில் வை. மறுநாள் ஸ்கேல் எடுத்து, வட்டைச் சுற்றிக் கிருமி வளராத வளையத்தை அள. சில மில்லிமீட்டர் தேறினால் கட்டுரை தயார். பினாயிலை வைத்தாலும்தான் வளையம் விழும். கொன்றது எந்த வேதிப்பொருள்? மனிதச் செல்லையும் சேர்த்துக் கொல்லுமா? கட்டுரையின் கடைசி வரி கைவிரிக்கும்: ‘மேலும் ஆய்வு தேவை.’ அதற்கு ஆள் வருவது அபூர்வம். அடுத்த செடி காத்திருக்கிறதே!

2010இல் பல்கலைக்கழக மானியக் குழு கட்டுரைக்குப் புள்ளி வைத்தது. புள்ளி சேர்ந்தால் பதவி உயர்வு. காசு கொடுத்தால் எதையும் அச்சிடும் இதழ்கள் கடை விரித்தன. 2018 மே மாதம் அதே குழு தன் அங்கீகாரப் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை நீக்கியது. சேர்த்ததும் அவர்களே, நீக்கியதும் அவர்களே. நீக்கியது இதழ்களைத்தான், பதவி உயர்வுகளை அல்ல.

செடிமேல் குற்றமில்லை. மரமஞ்சளில் கிருமியைத் தாக்கும் பெர்பெரின் இருக்கிறது. ஆனால் தனக்குள் போனதும் கிருமி அதைப் பம்ப் போட்டு வெளியே இறைத்துவிடும். 2000இல் அமெரிக்க ஆய்வாளர்கள், பெர்பெரின் தரும் தங்கள் மண்ணின் செடிகளிலேயே அந்தப் பம்பை அடைக்கும் இன்னொரு பொருளையும் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். அது தேடல். இங்கே நடப்பது அறுவடை.

சரி, கையில் இருக்கும் மருந்தை என்ன செய்கிறோம்? வேறெதுவும் கேட்காதபோது டாக்டர்கள் எடுக்கும் கடைசி ஆயுதம் கொலிஸ்டின். அதைத் தீவனத்தில் கலந்து கோழியைக் கொழுக்க வைத்தோம். தடை வர 2019 ஆயிற்று. ஹைதராபாத்துக்குப் பக்கத்தில் பட்டன்செரு. மருந்து ஆலைக் கழிவைச் ‘சுத்திகரித்து’ வெளியே விட்ட நீரில், லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளோக்சசின் இருந்ததாக 2007இல் ஓர் ஆய்வு சொன்னது. மாத்திரை விழுங்கியவர் ரத்தத்தில்கூட அவ்வளவு இருக்காது. சில ஆன்டிபயாடிக்குகளை டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது, விற்றால் பதிவேட்டில் எழுது என்று 2014 முதல் தனி அட்டவணையே இருக்கிறது. மருந்துக்கடையில் போய், ‘அண்ணே, சளிக்கு ரெண்டு மாத்திரை’ என்று கேட்டுப் பாருங்கள்.

நாளைக்கே ஒரு செடி அற்புத மருந்தைத் தந்தாலும் பந்தி வரிசை தெரிந்ததுதான். முதலில் கோழி தின்னும். அடுத்து ஆறு குடிக்கும். மிச்சம் மீதி இருந்தால், வரியும் கட்டிவிட்டு வார்டில் கிடக்கும் நமக்கு.