ரோமாபுரிக்கு மூன்று நாள்

மயிலாப்பூர் மாமா ரோமுக்குப் போட்டிருக்கும் திட்டத்தை மெச்சத்தான் வேண்டும். கி.பி. 80-இல் திறந்த கொலோசியத்துக்கு இருபது நிமிடம். கூரைகூட இல்லாத கட்டடத்துக்கு அதுவே தாராளம். பாந்தியனுக்கு ஐந்து. மிச்ச நேரமெல்லாம் தயிர்சாதம் தேட. பெட்டியில் புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, குட்டி ரைஸ் குக்கர். மீந்த இடத்தில் இரண்டு சட்டை. ஜூலை வெயிலுக்கு ரங்கநாதன் தெரு ஸ்வெட்டர் வேறு, போட்டோவுக்காக.

புனித பேதுரு பேராலயத்துக்கு மட்டும் அரை நாள். இயேசுவின் சீடருடைய கல்லறைமேல் எழுப்பியதாம், உலகத்திலேயே அபூர்வமாம்.

"சாந்தோமிலும் தோமையார் கல்லறைமேல் ஒன்று நிற்கிறதே மாமா, 1896-இல் திருப்பிக் கட்டினது. உங்காத்திலேர்ந்து நடக்கிற தூரம். பார்த்திருக்கேளா?"

"அங்கே எங்கேடா பார்க்கிங் கிடைக்கிறது?"