கர்சர் காத்த கோமான்

கொங்கு வளநாட்டின் குணக்குன்றே, பின்னலாடைக் குலத்தின் பெருவிளக்கே, கடல் கடந்த நாட்டுக் குழந்தைகளுக்கெல்லாம் பனியன் அளிக்கும் பாரியே! தாங்கள் ஆற்றியிருக்கும் அருஞ்செயலைப் பாடாமல் விட்டால் திருப்பூருக்கே பழி வந்து சேரும். ஆபீஸ் கம்ப்யூட்டர்கள் கண்விழிக்கும் வேளையில், பாஸ்வேர்டு கேட்கும் திரையிலேயே, ஊர் உலகத்துக்கெல்லாம் பொதுவாகச் சுழலும் அந்த நீல வளையக் கர்சரை அகற்றிவிட்டுத் தங்கள் கம்பெனி முத்திரையைப் பொன்னொளி வீசச் சுழலவிட்டீர்களே, அந்தத் தொலைநோக்கை எந்த நாவால் புகழ்வது!

சிற்றறிவினர் கர்சரை மாற்ற விரும்பினால் உள்ளே நுழைந்தபின் தம் கணக்குக்கு மட்டும் மாற்றிக்கொண்டு அடங்கிவிடுவர். தாங்கள் அத்தகையவரா? எவரும் நுழையாத முன்வாசலிலும் தங்கள் கொடியே பறக்க வேண்டும் என்று திருவுளம் கொண்டீர்கள். விண்டோஸின் ரெஜிஸ்ட்ரி என்னும் கோட்டைக்குள் எச்கீ யூசர்ஸ், அதனுள் டாட் டிஃபால்ட், அதனுள் கண்ட்ரோல் பேனல், அதனுள் கர்சர்ஸ் என்று ஒவ்வொரு பிராகாரமாகக் கடந்து மூலஸ்தானத்தைத் தொட வைத்தீர்கள். சிஸ்டம் பார்க்கும் தம்பி அங்கே தவம் கிடந்த நாளெல்லாம் பேக்கிங் செக்‌ஷனில் பார்கோடு பிரிண்டர் படுத்துக் கிடந்தது. பெண்கள் அட்டைப் பெட்டிகளில் கையால் எண் எழுதிக்கொண்டிருந்தார்கள். "அது கெடக்குது, மொதல்ல இதைப் பாருப்பா" என்று தாங்கள் அருளிய வாக்கில் ஒரு மன்னனின் மனத்திடம் இருந்தது.

அந்த முத்திரையின் நிறத்துக்குத் தாங்கள் காட்டிய நுண்மையை லேப் டிப் பார்க்கும் வெளிநாட்டு பையர்கள் வந்து கற்க வேண்டும். 180 ஜிஎஸ்எம் கேட்ட ஆர்டருக்குத் துணி 165-ல் வந்தபோது, "காம்பாக்டிங்கில் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்" என்று கடலினும் பெரிய பொறுமை காத்தவர் தாங்கள். அதே தாங்கள், 32-க்கு 32 புள்ளி கொண்ட அந்தக் குட்டிச் சதுரத்தில் மெரூன் ஒரு சாயல் மங்கியதும் டிசைனரைத் திரும்பத் திரும்ப உட்கார வைத்துச் சீறினீர்களே, அதுவன்றோ தரக்கட்டுப்பாடு! 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதோடு நொய்யல் ஆறு இழந்த வண்ணங்கள் அத்தனையையும் அந்தச் சதுரத்துக்குள் மீட்டெடுத்த வள்ளல் வேறு யார்?

கம்ப்யூட்டர் ஆன் ஆகப் பத்து நிமிடம் ஆகிறது என்று மெர்ச்சண்டைசர் பிள்ளைகள் முனகுகிறார்கள். அறியாதவர்கள். வேறொரு முதலாளியாக இருந்தால் பழைய ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு ஒரு எஸ்எஸ்டி வாங்கிப் போட்டு, அந்தக் காத்திருப்பையே ஒழித்துக்கட்டியிருப்பார். ஒழித்துவிட்டால் தங்கள் முத்திரையை யார் தரிசிப்பது? கரண்ட் போய்த் திரும்பிய பின்மாலையில், தூத்துக்குடிக்குப் புறப்பட வேண்டிய கன்டெய்னர் கேட்டில் உறுமிக்கொண்டு நிற்க, பேக்கிங் லிஸ்ட் எடுக்க வேண்டிய பெண் திரையைப் பார்த்தபடி நகம் கடிக்க, அவள் கண்முன்னே முத்திரை மட்டும் அவசரமே இல்லாமல் சுழல்கிறது. பதற்றத்தில் இருப்பவர்க்கு இத்தனை நெடிய தரிசனம் அருளும் கருணை தங்களுக்கே வாய்த்தது.

சனிக்கிழமையின் சிறப்பு இன்னும் பெரிது. வாரச் சம்பளத்துக்காக அக்கவுண்ட்ஸ் அறை வாசலில் சிங்கர் டெய்லர்களும், கைமடிக்கும் பிள்ளைகளும், பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த தம்பிகளும் வரிசை கட்டி நிற்கிறார்கள். ஒன்றரை ஷிப்டு முடித்த கால்கள் அவை. கண்ணாடி வழியே அவர்களுக்கும் அந்தப் பொற்சக்கரம் தெரிகிறது. பீஸ் ரேட் கணக்கில் வாராவாரம் சில டஜன் காணாமல் போவதையும், பிடித்த பி.எஃப். பணம் கணக்கில் ஏறாததையும் கேட்க வாய் திறக்கும் ஒருவன், சக்கரம் சுழலும் அழகில் மயங்கி, கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று கேட்காமலே போய்விடுகிறான். தொழிலாளர் அமைதிக்கு இப்படியொரு கருவியைத் தங்களைத் தவிர வேறு எவர் கண்டார்?

அந்தக் கர்சரைச் சுழலவைக்கும் மென்பொருளைக் காசு கொடுத்து வாங்காமல் இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொண்ட சிக்கனம் தனிப் பரணிக்கு உரியது. விருந்தாளி யாரென்று விசாரிக்காமல் வீட்டுக்குள் விடுவதுதானே தமிழர் பண்பு! 1990-களின் இறுதியில் காமெட் கர்சர் என்றொரு விருந்தாளி வந்தார்; அம்புக்குறியை அழகாக மாற்றிக் கொடுத்தவர், பயனர்கள் தன்னோடு கூட்டு வைத்த தளங்களில் எவற்றுக்குப் போகிறார்கள் என்று கணக்கெடுத்தும் அனுப்பிக்கொண்டிருந்தது 1999-ல் வெளியே வந்தது. 2007-ல் அசையும் கர்சர் கோப்பு ஒன்றைக் கொண்டே விண்டோஸுக்குள் கன்னம் வைத்தார்கள். மாதாந்திர முறை வரும்வரை காத்திராமல் ஏப்ரல் 3 அன்றே மைக்ரோசாஃப்ட் ஓட்டையை அடைத்தது. தங்கள் ஆபீஸிலோ 2020 ஜனவரியோடு பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோன விண்டோஸ் 7 இன்றும் உரிமம் எதுவும் இன்றிச் சுதந்திரமாக உலவுகிறது. டேலி கணக்குக்கு பேக்கப் கிடையாது. பையர் அனுப்பிய டெக் பேக் முதல் தொழிலாளியின் ஆதார் நகல் வரை அத்தனையும் பூட்டில்லாத அந்த ஒரே டிஸ்க்கில். திருடன் வந்தாலும் முதலில் தங்கள் முத்திரையைத்தான் வணங்க வேண்டும் என்ற ஏற்பாடு எத்தனை கம்பீரம்!

தங்களுக்கு முன்னோர் இல்லாமல் இல்லை. 2013-ல் உத்தரப் பிரதேச அரசு மாணவர்களுக்கு வழங்கிய லேப்டாப்புகளை ஆன் செய்ததும் முலாயம் சிங், அகிலேஷ் யாதவ் ஆகியோரின் திருமுகங்களே முதலில் காட்சி தந்தன. அவர்களுக்கும் ஒரு முழுத்திரை வேண்டியிருந்தது. தாங்களோ ஒரு மவுஸ் முனைக்குள் அதே மகிமையை அடக்கினீர்கள். 1968 டிசம்பர் 9 அன்று டக்ளஸ் எங்கல்பார்ட் மவுஸை முதன்முதலாக உலகின் முன் அசைத்துக் காட்டியபோது, மனிதன் வேலையை விரைந்து முடிப்பதற்கென்று எண்ணியிருந்தார் பாவம். முதலாளி எவரென்று வேலைக்காரருக்கு நினைவூட்டுவதே அதன் உச்சப் பயன் என்பதை அந்த மேதை அறியாமல் போனார்.

எனவே பெருந்தகையீர், வரும் தீபாவளிக்குப் போனஸ் கேட்டு எவரேனும் வந்தால் தயங்க வேண்டாம். முத்திரையின் சுழற்சியைத் தலைக்கு இன்னும் ஒரு நிமிடம் கூட்டிக் கொடுங்கள். செக்கிங் டேபிளில் நாளெல்லாம் நிற்கும் அக்காமார்களுக்கு ஸ்டூல் வாங்கும் வீண்செலவில் இறங்கிவிடாமல், அதே பணத்தில் முத்திரையைச் சுற்றி ஒரு ஒளிவட்டமும் சேர்த்துவிடுங்கள். நின்றுகொண்டே தரிசிப்பதுதானே முறை!