கொலோசியத்தின் நிலவறை ஏன் விலை கூடியது: நுழைவுச்சீட்டுத் தெரிவு குறித்த ஓர் ஆய்வு

கொலோசியத்தைக் கட்டியது யார், ஏன் கட்டினார், எப்படி இடிந்தது என்ற வினாக்களுக்கெல்லாம் அறிஞர்கள் விடை கண்டாயிற்று. பேரரசர் வெஸ்பாசியன் தொடங்கினார். மகன் டைட்டஸ் கி.பி. 80இல் நூறு நாள் விளையாட்டு நடத்தித் திறந்துவைத்தார். 1349இல் வந்த நிலநடுக்கத்தில் தெற்குப் பக்கம் சரிந்தது. சரிந்த கல்லை ஊரார் வீடு கட்ட அள்ளிப் போனார்கள். தீராமல் நிற்கும் ஆய்வுச் சிக்கல் ஒன்றுதான்: உள்ளே போக எந்த டிக்கெட் எடுப்பது? இத்துறையில் இதுவரை முறையான ஆய்வு நிகழாதது வருந்தத்தக்கது. இக்கட்டுரை அக்குறையை இயன்றவரை போக்க முற்படுகிறது.

ஆய்வெல்லையை முதலில் வரையறுப்போம். கொலோசியம், பக்கத்திலுள்ள ரோமன் ஃபோரம், அதற்கு மேலே பாலட்டைன் குன்று ஆகிய மூன்றும் ஒரே டிக்கெட்டில் அடங்குவன. விலை 18 யூரோ. கொலோசியத்துக்குள் குறித்த நேரத்தில் ஒரு முறை, ஃபோரத்துக்கும் குன்றுக்கும் சேர்த்து ஒரு முறை, எல்லாம் 24 மணி நேரத்துக்குள் முடிந்தாக வேண்டும். இது சாதா வகை. இதற்கு மேல் 'ஃபுல் எக்ஸ்பீரியன்ஸ்' என்றொரு வகை உண்டு. 24 யூரோ, இரண்டு நாள் செல்லும். அதுவும் நிலவறை காட்டுவது, உச்சித்தளம் காட்டுவது எனக் கிளை பிரியும். கொலோசியமே வேண்டாம், ஃபோரமும் குன்றும் போதும் என்பார்க்கும் தனிச்சீட்டு இருக்கிறது; அத்தகைய மனவுறுதி உடையோரை இவ்வாய்வாளர் இதுவரை சந்தித்ததில்லை. 18 வயது நிரம்பாதவர்களுக்கு இலவசம்தான், ஆனால் அந்த இலவசத்துக்கும் டிக்கெட் போட்டாக வேண்டும். விலைகள் நாளைக்கே மாறலாம். விலைகளுக்குள் இருக்கும் கோணல் மாறாது. அந்தக் கோணலே இங்கு ஆய்வுப்பொருள்.

களத் தகவலாளராக வாய்த்தவர் என் தங்கை. ரோம் பயணத்துக்காக மடிக்கணினியின் முன் அமர்ந்தபடி அவர் தொலைபேசியில் பகர்ந்தது அப்படியே பதிவு செய்யப்படுகிறது: “அண்ணே, பதினெட்டு யூரோ டிக்கெட்டுல பேஸ்மென்ட் கிடையாதாம். அவ்வளவு தூரம் போயி பேஸ்மென்ட்டப் பாக்காம வந்தா, ரோமுக்குப் போனேன்னு யார்கிட்ட சொல்றது?” தம் அடுக்ககத்தின் பேஸ்மென்ட்டுக்கு ஸ்கூட்டர் எடுக்க மட்டுமே இறங்குபவர் இவர் என்பது ஆய்வு நேர்மை கருதிக் குறிக்கப்படுகிறது.

முன்னோர் பட்ட பாடு

கொலோசியத்தில் பழைய ரோமானியர் டிக்கெட்டுக்குக் காசு கொடுக்கவில்லை. விளையாட்டு, பேரரசர் தரும் கொடை. ஆனால் எங்கே உட்காருவது என்பதில் கொடையாளிக்குக் கண்டிப்பு இருந்தது. பேரரசர் அகஸ்டஸ் காலத்திலேயே சட்டம் வந்துவிட்டது: முன்வரிசை செனட்டர்களுக்கு, படைவீரர் தனி, ஊர்மக்கள் தனி, மணமானவர்களுக்கு ஓரிடம், சிறுவர்களுக்கு ஓரிடம், சிறுவர்களின் வாத்தியார்களுக்குப் பக்கத்திலேயே ஓரிடம், பெண்கள் எல்லாருக்கும் மேலே கடைசியில். கொலோசியத்தின் 80 வாயில்களில் 76க்கு ரோமன் எண் பொறித்திருந்தார்கள். வடபுறம் நிற்கும் வெளிச்சுவரில் 23 முதல் 54 வரை இன்றும் படிக்கலாம். கழுத்தை நிமிர்த்தி 44ஆம் வாயிலைப் பார்த்தால் ஒரு விந்தை தெரியும். நாற்பதை எழுதும்போது ஐம்பதில் பத்தைக் கழித்து எழுதிய கல்தச்சர், நான்கை எழுதும்போது ஐந்தில் ஒன்றைக் கழிக்காமல் நான்கு கோடு கிழித்து வைத்திருக்கிறார். ஒரே எண்ணுக்குள் இரண்டு கொள்கை. டிக்கெட் விலைப்பட்டியலில் இன்று காணப்படும் சிந்தனைத் தெளிவுக்கு இதுவே மூலம் எனலாம்.

இடஒதுக்கீட்டுக்கு எழுத்துச் சான்றும் உண்டு. அர்வால் சகோதரர் என்ற பூசாரிக் குழுவுக்குக் கொலோசியத்தில் எந்தெந்த இடம் என்பதைத் திறப்பு விழா ஆண்டான 80ஐச் சேர்ந்த கல்வெட்டு ஒன்று சொல்கிறது. இத்தனை பேர் என்று எண்ணவில்லை. இத்தனை அடி என்று அளந்திருக்கிறார்கள். பளிங்குப் படியில் கொஞ்சம், உச்சியில் மரப்பலகையில் கொஞ்சம். பூசாரிகள் பளிங்கிலும் அவர்களைச் சார்ந்தவர்கள் பலகையிலும் அமர்ந்திருப்பார்கள் என்று கொள்வதே பொருத்தம். உலகில் எஞ்சியிருக்கும் புக்கிங் கன்ஃபர்மேஷன்களில் இதைவிடத் தெளிவானதை இவ்வாய்வாளர் பெற்றதில்லை.

அஃதேல், இலவசமாயின் கள்ளச்சந்தை எங்ஙனம் தோன்றும்? எனின், இலவசமானதாலேயே தோன்றும் என்க. ஹெர்மீஸ் என்ற வாள்வீரனைப் புகழ்ந்து கவிஞர் மார்ஷியல் எழுதிய பாட்டில், அவனால் கொழுத்தவர்கள் வரிசையில் இருக்கைத் தரகர்களையும் சேர்க்கிறார். நட்சத்திரம் இறங்கும் நாளில் பிளாக்கில் இடம் விற்பவன் சம்பாதித்தான் என்பதற்கு முதலாம் நூற்றாண்டுச் சான்று இது. அத்தொழில் அறுபடவில்லை. 2025 ஏப்ரலில் இத்தாலியின் போட்டி ஆணையம், கொலோசிய டிக்கெட் விற்ற நிறுவனத்துக்கும் ஆறு சுற்றுலா நிறுவனங்களுக்கும் சேர்த்து ஏறத்தாழ 2 கோடி யூரோ அபராதம் விதித்தது. மனிதர்கள் பெயரை அடித்து முடிப்பதற்குள் தானியங்கி நிரல்கள் டிக்கெட்டை அள்ளிக்கொண்டன என்பதும், சாதா டிக்கெட் கிடைக்காதவர்கள் வழிகாட்டியோடு சேர்ந்த விலை கூடிய பொட்டலத்தை வாங்க நேர்ந்தது என்பதும் வழக்கின் சாரம். ஹெர்மீஸ் மட்டும் மாறியிருக்கிறான், தரகர் மாறவில்லை.

இன்னும் பழைய வழக்கு ஒன்று உண்டு, அது நிகழ்ந்ததும் இதே ஃபோரத்தில்தான். கொலோசியம் வருவதற்கு முன் வாள்போர்கள் ஃபோரத்தின் திறந்தவெளியில் நடந்தன. கி.மு. 2ஆம் நூற்றாண்டின் இறுதியில் அதிகாரிகள் சுற்றிலும் பலகை இருக்கை கட்டி வாடகைக்கு விட்டார்கள். ஏழைகள் காசில்லாமல் பார்க்க வேண்டும், பிரியுங்கள் என்றார் அதிகாரிகளில் ஒருவரான கையஸ் கிராக்கஸ். யாரும் அசையவில்லை. விளையாட்டுக்கு முதல் நாள் இரவு தம் ஆட்களோடு போய் மொத்தத்தையும் பிரித்துப்போட்டுவிட்டார். மக்கள் மகிழ்ந்தார்கள், சக அதிகாரிகள் கறுவினார்கள், மூன்றாம் முறை பதவிக்கு நின்றபோது தோற்றார். இந்தக் கோபமும் தோல்விக்குக் காரணம் என்று சொல்லப்பட்டதை வரலாற்று எழுத்தாளர் புளூட்டார்க் குறித்து வைத்திருக்கிறார்.

இலவச நாளின் அபாயத்துக்கு ரோமானிய வரலாற்றாசிரியர் சூட்டோனியஸ் சாட்சி. தேரோட்டம் நடக்கும் சர்க்கஸ் மைதானத்தில் கட்டணமில்லா இடத்தைப் பிடிக்க நள்ளிரவிலேயே கூட்டம் வந்துவிட்டது. பேருந்து நிற்பதற்குள் ஜன்னல் வழியே துண்டு போடும் நம் வழக்கத்தின் ரோமானிய வடிவம். அந்த இரைச்சலில் தூக்கம் கலைந்த பேரரசர் கலிகுலா தடியால் அடித்து விரட்டச் சொன்னார். நெரிசலில் குதிரைவீரர் வகுப்பார் இருபதுக்கு மேல், பெண்கள் அதே அளவு, மற்றவர் கணக்கில்லாமல் மாண்டார்கள். இன்று மாதத்தின் முதல் ஞாயிறு இடிபாடுகளுக்குள் செல்லக் கட்டணமில்லை. தடியடி இல்லை என்பது முன்னேற்றமே. வரிசையின் நீளத்தில் முன்னேற்றம் காணப்படவில்லை. ஊரிலிருந்து கிளம்பும் தேதியை அந்த ஞாயிற்றுக்கு ஏற்றவாறு வைத்து 18 யூரோ மிச்சம் பிடிப்போர், அந்தப் பகல் முழுவதையும் மற்றவர் முதுகைப் பார்த்துச் செலவிடுவர்.

தலைகீழ் விதி

இப்போது தங்கையின் பேஸ்மென்ட்டுக்கு வருவோம். பேரரசர் டொமிஷியன் காலத்தில் களத்துக்கு அடியில் சுவர் சுவராக எழுப்பி, இடையே நடைவழிகளும் கூண்டுகளும் அமைத்தார்கள். வெளிச்சம் எண்ணெய் விளக்கில். அடிமைகள் சுழல்மரத்தைச் சுற்றித் தள்ளத் தள்ள, மேலே மணலில் பொறிக்கதவு திறந்து சிறுத்தையோ சிங்கமோ வெளிப்படும். சுழல்மரம் நட்ட குழிகள் தரையில் இன்றும் இருக்கின்றன. குனிந்து பார்க்கத் தக்கவை. இந்த இடத்தில் இருந்தவர்கள் விலங்குகள், அடிமைகள், சாகப் போகிறவர்கள். செனட்டர் ஒருவரிடம் போய், உமக்கு நிலவறையில் இடம் ஒதுக்கியிருக்கிறோம் என்று சொல்லியிருந்தால், மனைவி மக்களிடம் விடைபெற்றுவிட்டு வந்திருப்பார்.

பழுதுபார்த்து 2021இல் நடைபாதையோடு நிலவறையைத் திறந்துவிட்டபின், அதுவே முதலில் விற்றுத் தீரும் டிக்கெட். உச்சித்தளமும் அப்படியே. பெண்களும் ஏழைகளும் படியேறி மூச்சிரைத்துச் சேர்ந்து, கீழே நடப்பது எறும்பளவில் தெரிய உட்கார்ந்த மேல்வரிசைக்கு இன்று 24 யூரோ. செனட்டர்கள் அமர்ந்த கீழ்ப்பகுதியையும் நடுத்தர மக்கள் அமர்ந்த பகுதியையும் சாதா டிக்கெட்டிலேயே சுற்றலாம்.

ஆகவே விதி: ஓரிடத்துக்குப் போக அன்று எத்தனை பேர் மறுத்தார்களோ, அந்த அளவுக்கு இன்று அதன் கட்டணம் உயரும். இதைத் 'தலைகீழ் விதி' எனப் பெயரிடுகிறோம். விதி சரியென்றால் உச்ச விலை, ஃபோரத்துக்கு அடியில் ஓடும் பெருஞ்சாக்கடையான குளோயாக்கா மாக்சிமாவுக்கு வர வேண்டும். அதற்குச் சீட்டுக் கிழிக்கத் தொடங்கும் நாளில் இவ்விதி ஐயமற நிறுவப்பட்டுவிடும்.

மறுப்பு வரலாம். வரலாற்று ஆர்வம் அல்லவா நிலவறைக்கு இழுக்கிறது, விலையா இழுக்கிறது என்பர். தங்கையிடம் நிலவறையைச் சாதா டிக்கெட்டில் சேர்த்து, செனட்டர் படிக்கு 24 யூரோ என்று மாற்றிச் சொன்னேன். “அப்ப செனட்டர் படியப் பாக்காம எப்படிண்ணே வர்றது?” என்றார். மறுப்பு தள்ளுபடி.

மார்ஷியல் விட்டுச்சென்ற இன்னொரு பாத்திரத்தையும் இங்கு நினைக்க வேண்டும். நன்னேயுஸ் என்பவர் முதல் வரிசையில் உட்கார்ந்து பழகியவர். குதிரைவீரர் வகுப்புக்கு 14 வரிசை என்ற பழைய சட்டத்தை டொமிஷியன் தூசி தட்டியதும், இடம் காட்டுபவர் வந்து இவரை எழுப்புகிறார். பின்னால் போகிறார், மறுபடி எழுப்புகிறார்கள். முக்காட்டைப் போட்டு ஒற்றைக் கண்ணால் பார்க்கிறார். கடைசியில் நடைவழி ஓரத்தில் பாதி பிருட்டத்தைப் பலகை நுனியில் வைத்து, மடக்கிய காலில் மீதி உடலைத் தாங்கி, பக்கத்திலிருப்பவருக்கு உட்கார்ந்தவராகவும் காவலருக்கு நிற்பவராகவும் காட்சி தருகிறார். சாதா டிக்கெட்டை வைத்துக்கொண்டு நிலவறைக் குழுவின் வழிகாட்டி பேசுவதை மேல்தளக் கைப்பிடியில் சாய்ந்து ஒட்டுக்கேட்கும் பயணிகள் இவருடைய நேர்வாரிசுகள். விதியைத் தெரிந்துகொண்டு விதியோடு வாழ்வது எப்படி என்பதை அவர்கள் அறிவர். என் வாக்கு அவர்களுக்கே.

திட்டமிடல், சுருக்கமாக

தனிநபர்களுக்கான டிக்கெட் 30 நாள் முன்னதாக இணையத்தில் திறக்கிறது. கடிகாரம் இத்தாலியுடையது, நமக்குக் கோடையில் மூன்றரை மணி நேரமும் குளிர்காலத்தில் நாலரை மணி நேரமும் பின்தங்கி ஓடும். காலையில் பாலட்டைன் குன்று, வெயில் ஏறுமுன் ஃபோரம், பிறகு கொலோசியம் என்பது கால்களுக்கு உகந்த வரிசை. குன்றில் மரநிழல் உண்டு, ஃபோரத்தில் பேருக்கும் கிடையாது. தேய்ந்து வழவழத்த கருங்கல் பாதையில் புதுச் செருப்பு ஆகாது. தண்ணீருக்குக் காசு கொடுக்காதீர்கள். 1870களிலிருந்து ரோம் தெருக்களில் நிற்கும் இரும்புக் குழாய்த் தூண்களின் வளைந்த மூக்கை விரலால் அடைத்தால், மேலேயுள்ள துளை வழியே நீர் வாய்க்கே பீறிட்டு வரும்.

ஃபோரத்தில் எதைப் பார்ப்பது என்று கேட்டால், பசிலிக்கா யூலியாவின் படிகளைச் சொல்வேன். கோயில்களைப் பார்க்கும் அவசரத்தில் எல்லாரும் தாண்டிப் போகும் அந்தப் படிகளில், கல்லைக் கீறி வரைந்த விளையாட்டுக் கட்டங்கள் இருக்கின்றன. உள்ளே வழக்கு நடந்த கட்டடம் அது. தன் முறை வரும்வரை, அல்லது வேறு வேலை கிடைக்கும்வரை, காய் நகர்த்திக்கொண்டிருந்தவர்களின் கைவேலை. வரிசையில் நிற்பதற்கென்றே ஒரு நினைவுச்சின்னம் உலகில் உண்டென்றால் இதுதான். இதற்குத் தனிக்கட்டணம் கிடையாது. தலைகீழ் விதி கண்டுகொள்ளுமுன் பார்த்துவிடுவது நல்லது.

கட்டணமே இல்லாத பொற்காலம் ஒன்று இருந்ததையும் மறைப்பதற்கில்லை. மண்மூடிக் கிடந்த ஃபோரத்துக்கு 'மாட்டு மைதானம்' என்றே பெயர் வழங்கியது. மாடுகளிடம் சீட்டுக் கேட்டதாகச் சான்றில்லை. 1855இல் ரிச்சர்ட் டீக்கின் என்ற ஆங்கிலேய மருத்துவர் கொலோசியத்தில் மட்டும் 420 வகைத் தாவரங்களைக் கணக்கெடுத்து நூலாக்கினார். அவையும் முன்பதிவின்றி உள்ளே வந்தவை. 1870களில் அனைத்தும் வெளியேற்றப்பட்டன.

தமிழருக்குரிய தனிச்சிக்கல்

கள்ளச்சந்தையைத் தடுக்க 2023 அக்டோபர் முதல் கொலோசிய டிக்கெட்டில் பெயர் அச்சாகிறது. வாயிலில் அடையாள ஆவணத்தோடு ஒத்துப் பார்ப்பார்கள். கொள்கையளவில் இது புதிதன்று. செனட்டர்களின் பளிங்கு இருக்கைகளில் அவரவர் பெயரை வெட்டி வைத்திருந்தார்கள். ஆள் மாறியபோது பழைய பெயரைச் செதுக்கி அழித்துப் புதியதைப் பொறித்த கற்கள் இன்றும் உள்ளன.

சிக்கல் எழுவது படிவத்தில். பெயர் என்றொரு கட்டம், குடும்பப்பெயர் என்றொரு கட்டம். இரண்டும் கட்டாயம். தங்கையின் பாஸ்போர்ட்டில் இரண்டாவது கட்டம் காலி. அப்பா பெயர் வேறு பக்கத்தில் இருக்கிறது. மாப்பிள்ளைக்கு இனிஷியல் விரிந்து முன்னால் வந்துவிட்டது. பிள்ளைகளுக்கு மாப்பிள்ளையின் பெயரே குடும்பப்பெயராகிவிட்டது. ஆக ஒரே வீட்டில் மூன்று குலம். “வாசல்ல நிறுத்தி, நீங்க ஒரே குடும்பம்தானான்னு கேட்டா என்னண்ணே சொல்றது?” என்ற வினாவுக்கு அகழ்வாய்வில் விடை தேடினேன், கிடைத்தது.

கொலோசியத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் பாந்தியன் என்ற பழைய கோயில் இருக்கிறது. 2023 ஜூலையில் அதற்கும் 5 யூரோ கட்டணம் வந்தது. அதன் நெற்றியில் பெரிய எழுத்துகளில், மூன்றாம் முறை கான்சலாக இருந்தபோது இதைக் கட்டியவர் மார்க்கஸ் அகிரிப்பா என்று எழுதியிருக்கிறது. மார்க்கஸ் என்பதை முழுதாக எழுதவில்லை. ஒற்றை எழுத்து 'எம்'. அடுத்து 'அகிரிப்பா'. அதற்கடுத்து 'எல்', 'எஃப்'. அதாவது லூசியஸின் மகன். தன் பெயருக்கு ஓர் இனிஷியல், அப்பா பெயருக்கு ஓர் இனிஷியல். விப்சானியஸ் என்ற குடும்பப்பெயர் அவருக்கு இருந்தது. கல்லில் அதை வெட்டவே இல்லை.

தங்கையிடம் இதைச் சொன்னேன். சற்று யோசித்தார். “அந்தாளு பாஸ்போர்ட்டுல என்ன போட்ருந்துச்சு?” என்றார்.